கோபுரம் இல்லாத ஓடுபாதையில் என் மகன் எப்படி இறங்குவான்?

மே 11, இரவு 9.40

ஆரையம்பதியில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "மகன் ஆஸ்திரேலியாவில் விமானம் ஓட்டப் பழகுகிறான். அவன் பழகும் ஊரில் கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லையாம். இறங்கு என்று சொல்லவும் ஆள் இல்லை, நில் என்று சொல்லவும் ஆள் இல்லை. அவனவன் தன்பாட்டில் இறங்குகிறானாம். இது சட்டப்படி சரியா? கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை."

அக்கா, சட்டப்படி சரிதான். நானும் அங்கே ஆறு வருடம் இருந்தவன், அப்படி ஒரு சின்ன விமான நிலையத்தில்தான் பழகி உரிமம் எடுத்தவன். இப்போது வீடு திமிலைதீவில். ஆஸ்திரேலியாவில் கோபுரம் உள்ள விமான நிலையங்களை விட இல்லாதவை பல மடங்கு அதிகம். அமெரிக்காவில் பொதுமக்கள் பாவிக்கும் விமான நிலையங்கள் சுமார் 5,000. கோபுரம் இருப்பது ஏறத்தாழ 500-ல்தான்.

முறை இதுதான். அந்த இடத்துக்கென்று ஒரு ரேடியோ அலைவரிசை இருக்கும். தனி எண் ஒதுக்கப்படாத இடங்களில் ஆஸ்திரேலியா முழுக்க 126.7 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பக்கம் வருகிறவர், கிளம்புகிறவர் எல்லோரும் அதிலேயே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வருகிறவர் பத்துக் கடல் மைல் தூரத்தில் சொல்வார்: எந்த ஊர், என்ன விமானம், எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு வந்து சேருவேன், என்ன செய்யப்போகிறேன். அவர் அனுமதி கேட்கவில்லை, அறிவிக்கிறார். அப்புறம் எல்லோரும் ஓடுபாதையை ஒரே பக்கமாக, வழமையில் இடப்பக்கமாக, நீள்சதுரமாகச் சுற்றி வந்து ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். இதை சர்க்கிட் என்பார்கள். சாதாரணமாக நிலத்தில் இருந்து 1,000 அடி உயரம்.

பழைய கல்லடிப் பாலம் ஞாபகம் இருக்கிறதுதானே? 1924-ல் கட்டியது, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். 2013-ல் புதுப் பாலம் திறக்கும் வரை நம் முழு ஊரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் ஓடியது. கோபுரம் இல்லாத ஓடுபாதையும் அப்படித்தான். எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருப்பதால் பயமில்லை, நிம்மதியாகப் படுங்கள்.

மே 12, காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருப்பதால்" என்று எழுதிவிட்டேன். உங்களை ஆறுதல்படுத்தும் அவசரத்தில் வந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான கோபுரமில்லாத விமான நிலையங்களில் ரேடியோவே இல்லாத விமானம் வந்து இறங்குவது சட்டப்படி சரி. மின்சாரமே இல்லாத பழைய விமானங்களும் பறக்கின்றன. ஆஸ்திரேலியாவில் சான்றிதழ் பெற்ற விமான நிலையங்களில் ரேடியோ கட்டாயம், தனியாரின் புல்தரைகளில் அப்படியில்லை. ஆகவே ரேடியோவில் சத்தம் இல்லை என்றால் ஆள் இல்லை என்று எடுக்க முடியாது. மகனுக்கும் இதைத்தான் முதல் நாள் சொல்லியிருப்பார்கள்.

மே 12, பிற்பகல்

அக்காவின் அடுத்த கேள்வி: எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று யார் முடிவெடுப்பது?

காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். நம் மட்டக்களப்பு ஓடுபாதைக்கு 06, 24 என்று இரண்டு பெயர். ஒரே தார்ப்பாதைதான், எந்த முனையில் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். 06 என்றால் திசைகாட்டியில் சுமார் 60 பாகை, வடகிழக்கைப் பார்த்தது. 24 என்றால் சுமார் 240 பாகை, தென்மேற்கைப் பார்த்தது. வடகிழக்கில் இருந்து வாடை வீசும் மாரியில் 06, தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் 24 என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. நம் ஊர்க் காற்றுக்கு அளவெடுத்துப் போட்டது போலத்தான் அந்தப் பாதை கிடக்கிறது.

கோபுரம் இருந்தால் இன்றைக்கு எந்த முனை என்று அவர்கள் சொல்வார்கள். இல்லாத இடத்தில் காற்றுப்பையை மேலே இருந்து பார்த்து ஒவ்வொருவரும் தானே முடிவெடுக்க வேண்டும். பலமாகக் காற்று வீசினால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும். எனக்குப் பயம் காற்றே இல்லாத காலை நேரம்தான். எந்த முனையும் சரி என்பதால் ஒருவர் இந்த முனையால் இறங்க, மற்றவர் அந்த முனையால் கிளம்புவார்.

மே 14, இரவு 11 மணி

எனக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்காவைப் பயப்படுத்த விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் மேலே எழுதிய எல்லாம் பாடப்புத்தகமாகவே இருக்கும்.

உரிமம் எடுத்து நான்கு மாதம். தனியாகப் பறக்கிறேன். சனிக்கிழமை காலை, காற்று அசையவில்லை. போகும் இடம் உள்நாட்டில் ஒரு சின்ன ஊர், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு ஓடுபாதை. பத்து மைலில் அறிவித்தேன், பதில் இல்லை. சர்க்கிட்டில் நுழையும்போது அறிவித்தேன், பதில் இல்லை. காதில் ஒரு இரைச்சல்கூட இல்லை. ஊரே தூங்குகிறது, ஓடுபாதை முழுக்க எனக்குத்தான் என்று ஒரு சந்தோஷம். பேஸ், அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கான பக்கத்துக்குத் திரும்பினேன், சொன்னேன். ஃபைனல், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதிக்குத் திரும்பினேன், சொன்னேன்.

சுமார் 300 அடியில் இருக்கும்போது ஓடுபாதையின் நடுவில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. தார் வெடிப்பில் பூசிய பெயிண்ட் என்று நினைத்தேன். அது அசைந்தது. ஒரு சின்ன விமானம், ஓடுபாதையிலேயே என்னை நோக்கி மெதுவாக ஊர்ந்து வருகிறது. சின்ன இடங்களில் பக்கப்பாதை இருக்காது. கிளம்புகிறவர் ஓடுபாதையிலேயே மறுமுனை வரை ஊர்ந்து போய்த் திரும்பித்தான் ஓட வேண்டும். இயந்திரத்தின் விசையைக் கூட்டும் திராட்டில் பிடியை முழுக்கத் தள்ளி மேலே ஏறினேன். கை அதற்குப் பிறகுதான் நடுங்கியது.

சுற்றி வந்து இறங்கி, அவரிடம் போனேன். அறுபது வயது தாண்டிய விவசாயி. கோபப்படவில்லை. உங்கள் ரேடியோவில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்தோம். பாவிக்கும் எண், காத்திருக்கும் எண் என்று ரேடியோவில் இரண்டு இருக்கும், ஒரு பட்டனை அழுத்தினால் இடம் மாறும். நான் பத்து மைலுக்கு முன் அதை அழுத்தியிருக்கிறேன். சரியாக அழுந்தவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் அழுத்தியிருக்கிறேன். பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டது. கடைசி வரை ஆளில்லாத ஒரு அலைவரிசையில்தான் ஒழுங்காக, முறைப்படி கதைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் தன் பக்கத்தில் நான்கு முறை அறிவித்தாராம்.

பிழை எண்ணில் இருந்தது என்று அன்று முழுக்க நினைத்தேன். எண் பிழைப்பது யாருக்கும் நடக்கும். பதில் வராததை "இடம் காலி" என்று நான் மொழிபெயர்த்ததுதான் பெரிய பிழை. அந்த மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு கண்ணும் அதற்கு ஒத்துப்போனது. முன்னால் கிடந்த விமானத்தையே பெயிண்ட் என்று பார்த்தேன்.

மே 14, இரவு 11.20

சொல்ல விட்டுப்போனது: ஆஸ்திரேலியாவில் சில இடங்களில் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கதைத்து முடித்ததும் அது தானாகப் பதில் தரும். ஐந்து நிமிடமாக யாரும் கதைக்கவில்லை என்றால் பதிவு செய்த குரல் அந்த ஊரின் பெயரைச் சொல்லும், அதற்குள் யாராவது கதைத்திருந்தால் ஒரு சின்ன பீப். எண் சரி, ரேடியோ வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நான் போன ஊரில் அது இல்லை. மகனின் ஊரில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மே 17

ஏறாவூரில் இருந்து ஒரு தம்பி எழுதுகிறார்: "இதெல்லாம் கோபுரம் இல்லாததால் வரும் வினை. ஒரு ஆளைப் போட்டால் முடிந்தது."

தம்பி, கோபுரம் நல்லதுதான். பெரிய விமானங்கள் நிறைய வரும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. ஆனால் 1977 மார்ச் 27, ஸ்பெயினின் தெனரீஃப் தீவு. கோபுரம் இருந்தது, கட்டுப்பாட்டாளர் இருந்தார். பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பல காரணம். அதில் ஒன்று நாம் கதைக்கும் விஷயத்துக்கு உரியது: கோபுரமும் மற்ற விமானமும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தில் அந்த இரண்டு செய்தியும் தெளிவாக விழவில்லை, ஒரு கீச்சுச் சத்தம் கலந்துவிட்டது.

விமான ரேடியோவின் இயல்பு அது. ஒருவர் பட்டனை அழுத்திக் கதைக்கும்போது அவரால் கேட்க முடியாது. இருவர் சேர்ந்து அழுத்தினால் மூன்றாமவருக்குக் கீச்சுச் சத்தம்தான். யாருடைய மைக்காவது இறுகி அழுந்தியபடியே நின்றுவிட்டால் அந்த அலைவரிசையே எல்லோருக்கும் அடைபட்டுவிடும். கோபுரம் இல்லாத இடத்தில் "இரண்டு பேர் சேர்ந்து கதைத்தீர்கள், திரும்பச் சொல்லுங்கள்" என்று சொல்லவும் பொறுப்பான ஆள் இல்லை. கேட்ட யாராவது ஒருவர் முன்வந்து சொல்ல வேண்டும்.

மே 19, இரவு

அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: கோபுரம் இல்லாத இடத்தில் விபத்து நடந்திருக்கிறதா, மறைக்காமல் சொல்லுங்கள் தம்பி என்று.

நடந்திருக்கிறது அக்கா. நான் பழகும் காலத்தில் பல முறை வாசித்தது 1996 நவம்பர் 19, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் குவின்சி என்ற ஊரில் நடந்தது. இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டும் விமான நிலையம், கோபுரம் இல்லை, பொழுது சாயும் நேரம். பீச்கிராஃப்ட் 1900 வகைப் பயணிகள் விமானம் 13-ம் பாதையில் இறங்க வருகிறது, அதில் 12 பேர். 04-ம் பாதையில் ஒரு கிங் ஏர் விமானம் கிளம்ப நிற்கிறது, அதில் 2 பேர். அதற்குப் பின்னால் வரிசையில் செரோக்கி என்ற சின்ன விமானம்.

இறங்க வந்தவர்கள் ஒழுங்கானவர்கள். தூரத்தில் இருந்தே திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். கடைசியில், ஓடுபாதையில் நிற்கும் விமானம் கிளம்பப்போகிறதா, நிற்கப்போகிறதா என்றும் கேட்டார்கள். கிங் ஏர் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற செரோக்கி ஓட்டி, தான் காத்து நிற்கிறேன் என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தக் கணம் பார்த்து, இறங்க வந்த விமானத்தின் உள்ளே உயரம் சொல்லும் எச்சரிக்கைக் குரல் ஒலித்து அவர் பேச்சின் ஒரு பகுதியை மூடிவிட்டது. மிஞ்சியதைக் கேட்டவர்கள், கிங் ஏர்தான் நிற்கிறேன் என்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இறங்கினார்கள். கிங் ஏர் கிளம்பி ஓடியது. பாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதின.

14 பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் சாகவில்லை. கதவைத் திறக்க முடியவில்லை, புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். ஓடிவந்து உதவியவர்கள் அங்கே நின்ற சாதாரண ஆட்கள்தான். தீயணைப்பு ஏற்பாடு போதாமல் இருந்ததையும் விசாரணை சேர்த்துக் குறிப்பிட்டது. கிங் ஏரில் இருந்தவர்கள் அலைவரிசையைக் கவனிக்காததும், கண்ணால் சரியாகப் பார்க்காததும் காரணம் என்று முடிவு சொன்னார்கள்.

என்னை அலைக்கழித்தது அந்தப் பதில். இறங்க வந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்கள். பதிலும் வந்தது, பொய்ப் பதிலும் இல்லை. ஆனால் கேட்டது ஒருவரிடம், பதில் சொன்னது இன்னொருவர். மே 14-ல் நான் பதில் வராததை எழுதினேன். பதில் வந்தும் பிழைக்கலாம் என்பதை இது காட்டியது. யார் பேசினார் என்பது தெரியாத பேச்சை, கேட்காத பேச்சாகவே எடுக்க வேண்டும் என்று அதன் பிறகு பழகிக்கொண்டேன். "நிற்கிறேன்" என்று கேட்டால் "யார் நிற்பது?" என்று திரும்பக் கேட்பேன். கேட்க நேரமில்லை என்றால் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறுவேன்.

மே 20, காலை

பாலத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் கல்லடிப் பாலத்தைச் சொன்னது அரைகுறை. பாலத்தில் வழிவிட்டது சரி, ஆனால் ஒரே சைகை எல்லோருக்கும் ஒரே அர்த்தம் என்பதால்தான் அது நடந்தது.

ஆஸ்திரேலியாவுக்குப் போன புதிதில் ஒரு நண்பரோடு காரில் போகிறேன், குறுகிய பாலம், எதிரே வந்தவர் லைட்டை அடித்தார். நம் ஊரில் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். நிறுத்தினேன். அவரும் நிற்கிறார். திரும்ப அடித்தார். நானும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்துச் சிரித்து, "அவர் உன்னை வா என்கிறார்" என்றார். அவர்கள் பழக்கத்தில் அது "நீ போ". யோசித்துப் பாருங்கள், இதையே மாறி எடுக்கும் இரண்டு பேர் ஒரே பாலத்தில் சந்தித்தால்?

ரேடியோவில் சொல்லும் வசனங்களை ஏன் மனப்பாடம் போல ஒரே ஒழுங்கில் சொல்ல வைக்கிறார்கள் என்று பழகும்போது சலிப்பாக இருந்தது. முதலில் ஊரின் பெயர், அப்புறம் யார், எங்கே, என்ன செய்யப்போகிறேன், கடைசியில் திரும்பவும் ஊரின் பெயர். ஏன் இரண்டு முறை? 126.7-ல் பல ஊர்கள் ஒன்றாக இருக்கின்றன. 1,000 அடியில் பறக்கும் விமானத்தின் குரல் சுமார் 40 கடல் மைல் போகும். பக்கத்து ஊர்களின் பேச்செல்லாம் உங்கள் காதில் விழும். முதல் சொல்லைத் தவறவிட்டவருக்குக் கடைசிச் சொல்லாவது கிடைக்க வேண்டும்.

அதேபோல, வரும்போது "அங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பதை அமெரிக்காவில் செய்யவே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒன்றாக வாய் திறப்பார்கள்.

மே 23

பத்து மைல் பற்றி ஒரு திருத்தம். தூரத்தை மட்டும் சொன்னால் போதாது. 2022 ஆகஸ்ட் 18, கலிபோர்னியாவில் வாட்சன்வில், அங்கும் கோபுரம் இல்லை. செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் சர்க்கிட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை இயந்திர செஸ்னா 340 ஒன்று சுற்றாமல், நேராக ஃபைனலுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் ஒழுங்காக அறிவித்தார்கள், ஒருவரையொருவர் கேட்டார்கள். மோதி 3 பேர் இறந்தார்கள். பெரிய விமானம் மூன்று மைலில்கூட சுமார் 180 நாட் வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

கணக்குப் பாருங்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். 90 நாட்டில் வருகிறவர் பத்து மைல் என்றால் இன்னும் 6 நிமிடம் 40 விநாடி. 180 நாட்டில் வருகிறவர் அதே பத்து மைல் என்றால் 3 நிமிடம் 20 விநாடி. வார்த்தை ஒன்று, கேட்கிறவர் தன் விமானத்தின் வேகத்தில் அதை அளக்கிறார். அதனால்தான் முதல் குறிப்பில் எழுதிய "எத்தனை மணிக்கு" என்பது முக்கியம். அன்று அதைப் போகிற போக்கில் எழுதினேன்.

ஆஸ்திரேலியாவில் 2020 பிப்ரவரி 19 அன்று விக்டோரியா மாநிலத்தில் மங்களூர் என்ற இடத்துக்கு அருகே இரண்டு பயிற்சி விமானங்கள் வானில் மோதி 4 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் வருகிறது என்று, தூரத்தில் இருந்து வானைக் கவனிக்கும் கட்டுப்பாட்டாளர் இருவருக்கும் சொல்லியிருந்தார். அந்த இருவரும் தங்களுக்குள் நேரடியாகக் கதைத்து ஒழுங்கு செய்துகொள்ளவில்லை. அக்கா, மறைக்காமல் சொல்லுங்கள் என்றீர்கள், சொல்லிவிட்டேன். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி இறங்கிப் பத்திரமாக வீட்டுக்குப் போகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: இறங்க வந்து, கைவிட்டு, மேலே ஏறியது எத்தனை முறை என்று. நிறைய என்றால் சந்தோஷப்படுங்கள். ஒரு முறைகூட இல்லை என்றால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள்.

மே 26, மாலை

இன்று வலையிறவுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். கச்சான் சூடாக அடித்தது, வாவியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வலை போட்டுக்கொண்டிருந்தவரைச் சுற்றி நீர்க்காகங்கள், கொக்குகள். சின்ன வயதில் இந்தப் பக்கத்து ஓடுபாதையைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. 1983-ல் விமானப்படை எடுத்தது. 2016-ல் சிவில் விமான அதிகாரசபையிடம் திரும்பி வந்து, 2018-ல் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள்.

அந்தப் பறவைகளைப் பார்க்கும்போதுதான் இவ்வளவு எழுதியும் ஒன்றை விட்டது தெரிந்தது. பறவைக்கு ரேடியோ இல்லை. மாட்டுக்கும் இல்லை. வாவி ஓரத்து ஓடுபாதையிலும் கோதுமை வயல் ஓடுபாதையிலும் அதே நிலைதான். நான் பழகிய இடத்தில் விடியற்காலையில் கங்காரு நிற்கும், முதலில் பாதைக்கு மேலாக ஒரு முறை பறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம். ரேடியோவைப் பற்றிப் பத்து நாள் கதைத்தோம். கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் கதைத்திருக்க வேண்டும். ஓடுபாதைக்குள் நுழையும் முன் இரண்டு முனையையும், அதற்கு மேலே உள்ள வானத்தையும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சின்ன விமானத்தின் இறக்கையே பாதி வானத்தை மறைக்கும், அதனால் விமானத்தையே கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். பக்கத்தில் இருக்கிறவர் விமானி இல்லாவிட்டாலும் அவரையும் பார்க்கச் சொல்வோம்.

மே 30

அக்காவிடம் இருந்து வந்தது. மகனிடம் கேட்டாராம். அவன் ஊரில் பீப் கருவி இருக்கிறது. மேலே ஏறியது பதினொரு முறை, அதில் இரண்டு முறை கங்காரு. ஒரு நாள் இறங்கும்போது ரேடியோவில் தான் கதைத்ததைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். எட்டு விநாடி. ஆங்கிலம் வேகமாக ஓடுகிறது, நடுவில் ஒன்றும் விளங்கவில்லையாம். நான்கு முறை போட்டுக் கேட்டாராம். ஊரின் பெயர் மட்டும் முதலிலும் கடைசியிலும் தெளிவாகக் கேட்டதாம்.